தும்பி செத்த இடம்

அத்தியாயம் 6

டீசல் திருட்டு இல்லை என்பது காலை ஒன்பதே காலுக்கு முடிவாயிற்று. ரேடியோ மூன்று நாளாகக் கட்டி எழுப்பிய சந்தேகம், ஓர் அளவுகுச்சியில் சரிந்து விழுந்தது.

"போட்ட டீசல் மொத்தத்தையும் வண்டிதான் குடிச்சிருக்கு," என்றான் ரேடியோ. "சொட்டுகூட வெளிய போகல. ஒரு ஆள் யோக்கியன்னு தெரிஞ்சா மனசுக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கு பாருங்க அண்ணி."

ஜீப்புக்கு அடியிலிருந்து அண்ணியின் இரண்டு செருப்புகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. நிறுத்த ஆளில்லாமல் ஓடிக்கொண்டே இருப்பதால் ரேடியோ. அண்ணி பத்தொன்பது வருடம் வாகன இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவர். நசுங்கிய வண்டியைப் பார்த்ததும் அது தானாக மோதியதா, மோதவிட்டார்களா என்று சொல்லிவிடுவார். இப்போது சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. இரண்டாவது நாற்காலி கணவரின் தம்பிக்கு. வேறெந்த நாற்காலியிலும் அவன் ஒரு வாரத்துக்கு மேல் உட்கார்ந்ததில்லை.

வழக்கைக் கொண்டுவந்தவர் மரக்கடைக்காரர். காய்ச்சலில் இறந்துபோன மகனின் பழைய டீசல் ஜீப்பை அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தவர். மலைமேல் உள்ள மருத்துவ முகாமுக்கு மருந்து ஏற்றிப் போவதும், நோயாளிகளை இறக்கிக் கொண்டுவருவதும் அந்த ஒரே வண்டிதான். வேறெதுவும் அந்தப் பாதையில் ஏறாது.

மேலே போய்ச் சேர எழுபது நிமிடம். டிரைவர் ஒவ்வொரு தடவையும் தொண்ணூற்றிரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டார். கேட்டால், 'கியர்பாக்ஸ் சூடு' என்றார். போன மாதம் அவர் லீவு போட்ட அன்று மரக்கடைக்காரரின் தங்கை மகன் ஓட்டிப் போனான். பாதி ஏற்றத்தில் கியர்பாக்ஸ் நிஜமாகவே கொதித்தது. வண்டி நின்றது. மேலே பிரசவ வலியோடு ஒருத்தி ஆறு மணி நேரம் காத்திருந்தாள். கடைசியில் நாலு பேர் அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். உயிர் பிழைத்தாள். டிரைவர் வேண்டுமென்றே எதையோ கெடுத்துவிட்டுப் போனார் என்றான் தங்கை மகன்.

இன்று மாலை நாலு மணிக்கு ஆஸ்பத்திரிக் கமிட்டி கூடுகிறது. டிரைவரை நீக்கிவிட்டுச் சாவியைத் தங்கை மகனிடம் கொடுப்பதாகத் தீர்மானம். அதற்கு முன் மரக்கடைக்காரருக்கு ஒன்று தெரிய வேண்டும். அந்த இருபத்திரண்டு நிமிடம் எங்கே போகிறது?

ரேடியோ ஷெட்டின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நடந்தான். திரும்பி நடந்தான். ஒரு டயரை உதைத்துப் பார்த்தான்.

"உட்காருங்க தம்பி. நீங்க நடக்கறது எனக்குத் தலைக்கு மேல இடிக்குது."

"இன்னும் ஆறே முக்கால் மணி நேரம்தான் இருக்கு. நம்ம கையில இருக்கறது ஒரு யோக்கியன். அவனை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

அண்ணி வெளியே வந்தார். முழங்கையில் மண். எஞ்சினை ஓடவிட்டு, கியர்பாக்ஸின் அளவுகுச்சியை உருவி ஒரு வெள்ளைத் துணியில் ஒற்றி, அவனிடம் நீட்டினார்.

"என்ன நிறம்?"

"சிவப்பு."

"மோந்து பாருங்க."

"நான் இன்னும் காலைச் சாப்பாடே சாப்பிடல."

"தீஞ்ச வாடை வருதா?"

"இல்ல."

"வாரத்துக்கு ரெண்டு நாள் சூடாகிற கியர்பாக்ஸ்னா எண்ணெய் கறுத்துப்போயிருக்கும். அடுப்புல மறந்துவிட்ட சட்டி மாதிரி நாறும். போன மாசம் அந்தப் பையன் கொதிக்க வெச்சப்புறம் புது எண்ணெய் ஊத்தியிருக்காங்க. அதுக்கப்புறம் எட்டுத் தடவை வண்டி மலை ஏறியிருக்கு. எண்ணெய் அப்படியே புதுசா இருக்கு."

ரேடியோவின் முகம் மலர்ந்தது. "அப்ப அந்த ஆள் பொய் சொல்றார்!"

"பொய்தான்."

"நல்ல வார்த்தை சொன்னீங்க. இப்பதான் உயிர் வந்துது."

"எதுக்குப் பொய்னு தெரியல. இங்க வாங்க."

ஜீப்பின் முகத்தில் கீழ்ப்பாதியை ஒரு தகரப் பலகை மறைத்திருந்தது. அதில் மகனின் சிரித்த முகம், பிறந்த தேதி, மறைந்த தேதி. கீழே பெரிய எழுத்தில் 'அன்பு மகன் நினைவாக'. பலகைக்கும் அதன் பின்னாலிருந்த கம்பிவலைக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி. அண்ணி அதற்குள் ஒரு கைக்கண்ணாடியை நுழைத்து டார்ச் அடித்தார்.

"என்ன தெரியுது?"

"மெல்லிசுத் தகடு வரிசையா இருக்கு. சின்ன ரேடியேட்டர் மாதிரி. அதுல..." ரேடியோ கண்ணைச் சுருக்கினான். "ஒரு தும்பி. செத்துப்போய் ஒட்டிக்கிட்டு இருக்கு."

"எப்படிச் செத்துது?"

"வயசாயி."

"தம்பி."

"சரி, சரி. குறுக்க பறந்துச்சு, வண்டி வந்துச்சு, அடிச்சுது. இதைக் கண்டுபிடிக்கவா பத்தொன்பது வருஷம் சர்வேயரா இருந்தீங்க?"

"பலகைக்குப் பின்னால எப்படிப் போய் அடிபட்டுச்சு?"

ரேடியோ மறுபடி குனிந்து பார்த்தான். நாலு தும்பி. ஒரு வண்ணத்துப்பூச்சி. கொசு எண்ணிக்கையில் அடங்காது. எல்லாம் தகட்டில் அறைந்த மாதிரி ஒட்டியிருந்தன. பலகையின் முன்பக்கம் ஒரு புள்ளிகூட இல்லை. பானட், விளக்கு, பம்பர் எல்லாம் மூன்று நாளைக்கு முந்தைய பயணத்தின் புழுதி. மகனின் முகம் மட்டும் குளித்துவிட்டு வந்த மாதிரி இருந்தது.

"டிரைவர் துடைச்சிருப்பார்," என்றான், நம்பிக்கை இல்லாமல்.

"முன்னாடி துடைக்கலாம். பின்னாடி போய்த் தும்பியை ஒட்டவைக்க முடியாது." அண்ணி பலகையின் நாலு மூலை போல்ட்டுகளையும் விரலால் தொட்டுக் காட்டினார். வண்டியில் மற்ற போல்ட்டெல்லாம் துருப்பிடித்துக் கிடந்தன. இந்த நாலும் எண்ணெய் போட்டுப் பளபளத்தன. "ஏத்தத்துல இந்தப் பலகை வண்டியில இல்ல."

"இருக்கே! மேல போய்ச் சேர்ந்ததும் நர்ஸ் எடுத்து அனுப்பற போட்டோவுல பலகையோடதானே நிக்குது? இங்க கிளம்பும்போது மரக்கடை ஐயாவே கேட்டுல நின்னு வழியனுப்பறார். அப்பவும் இருக்கு."

"ரெண்டு முனையிலயும் இருக்கு. நடுவுல இல்ல."

ரேடியோ மறுபடி நடக்க ஆரம்பித்தான். இந்தத் தடவை வேகமாக. "கடத்தல் அண்ணி! பலகைக்கும் வலைக்கும் நடுவுல எதையோ வெச்சு..."

"மூணு விரல் இடைவெளியில என்னத்தைக் கடத்துவாங்க? பப்படமா?"

"தங்க பிஸ்கட்."

"மலைமேல இருக்கறது ஒரு முகாம், நாப்பது வீடு. அங்க யாரு தங்க பிஸ்கட்டோட உக்காந்திருக்கா? ஸ்கூட்டரை எடுங்க. பதினோரு மணிக்கு ஜீப் கிளம்பும். நமக்கு முன்னாடி அது அங்க போயிடக் கூடாது."

"எங்க?"

"ஏத்தம் ஆரம்பிக்கற இடத்துக்கு. தரை சமமா இருக்கணும். ரோட்டிலேர்ந்து மறைவா இருக்கணும். பலகையைக் கழட்டறவன் வேற எங்க நிறுத்துவான்?"

* * *

கல் உடைக்கும் ஆலை ஒன்று மூடிக் கிடந்தது. அதன் சுற்றுச்சுவருக்குப் பின்னால் மண் தரையில் ஒரே அகலத்தில் பல டயர் தடங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. அண்ணி அவற்றைப் பார்த்துத் தலையசைத்தார். இருவரும் இடிந்த அறை ஒன்றுக்குள் புகுந்தார்கள்.

ரேடியோவால் நிற்க முடியவில்லை. உட்கார்ந்தான். எழுந்தான். ஒரு கல்லை எடுத்தான், வைத்தான்.

"அண்ணி, அவர் இன்னிக்கு வேற எடத்துல நிறுத்தினா?"

"நிறுத்தமாட்டார்."

"நிறுத்தாமலே போயிட்டா?"

"போகமாட்டார்."

"எனக்கு ஒண்ணுக்கு வந்தா?"

"வரக் கூடாது."

பதினொன்று இருபத்தாறுக்கு ஜீப் வந்தது. டிரைவர் இறங்கினார். ஐம்பது வயதிருக்கும். சட்டையை உள்ளே விட்டு, பையில் இரண்டு பேனா. எஞ்சினை நிறுத்தவில்லை. கதவை மூடவில்லை. ஸ்பானரோடு முன்னால் வந்து மண்டியிட்டார். நாலு போல்ட்டுகளையும் கழற்றி ஒரு டப்பியில் போட்டுக்கொண்டார். பலகையை இரண்டு கையாலும் தூக்கி, முகத்துப் பக்கத்தை ஒரு துணியால் துடைத்து, ஒரு கம்பளியில் சுற்றினார். மூட்டையை முன் இருக்கையில் நிமிர்த்தி வைத்தார்.

பிறகு சீட் பெல்ட்டை இழுத்து அதற்கு மாட்டினார்.

"அண்ணி," ரேடியோ கிசுகிசுத்தான். "கடத்தல்காரன் பெல்ட் மாட்டி விடுவானா?"

அண்ணி ஏற்கெனவே வெளியே நடந்துகொண்டிருந்தார்.

டிரைவர் அவர்களைப் பார்த்தார். ஓடவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"யாரா இருந்தாலும் சீக்கிரம் சொல்லுங்கம்மா. மேல இன்சுலின் போகணும்."

"மரக்கடை ஐயா அனுப்பினார்," என்றார் அண்ணி. "அந்த இருபத்திரண்டு நிமிஷத்தைத் தேடிக்கிட்டு வந்தோம்."

டிரைவர் ஸ்பானரைப் பானட் மேல் வைத்தார். "கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"பதினோரு நிமிஷம் இங்க கழட்ட. பதினோரு நிமிஷம் மேல மாட்ட. கியர்பாக்ஸ் சூடுன்னு ஏன் சொன்னீங்க? ஆகவே இல்லையே."

"ஆகாம இருக்கத்தானேம்மா இவ்வளவும்." அவர் குரலில் முதல்முறையாகச் சூடு ஏறியது. "இது கிளட்ச் இல்லாத வண்டி. உள்ள எண்ணெய்தான் எண்ணெயைத் தள்ளிச் சக்கரத்தைச் சுத்துது. சமதரையில ஒண்ணும் தெரியாது. ஏத்தத்துல, பள்ளம் மேட்டுல ஊர்ந்து போகும்போது அந்த எண்ணெய் தன்னையே அரைச்சுக்கும். அந்தச் சூடெல்லாம் இந்தக் கூட்டுலதான் வந்து ஆறணும்." தும்பிகள் ஒட்டியிருந்த தகடுகளைக் காட்டினார். "இதுக்கு முன்னாடி தகரத்தை வெச்சு மறைச்சா எப்படி ஆறும்? கதவைச் சாத்திட்டுச் சமைக்கற மாதிரி. பலகையோட ஒரு தடவை ஏறிப் பார்த்தேன். ஒன்பதாவது கிலோமீட்டர்ல சூடு காட்டற முள்ளு சிவப்புல போய் நின்னுடுச்சு. அந்தத் தம்பி ஓட்டின அன்னிக்கு வண்டி நின்னது அதே எடம்தான்."

"அதுக்கு எவ்வளவோ பண்ணலாமே?" என்றான் ரேடியோ. "சின்ன கியர்ல போறது, அங்கங்க நிறுத்தி ஆறவிடறது..."

"சின்ன கியரை எடுக்காம யாரு அந்த ஏத்தத்துல ஏறுவா? அதையும் போடறேன். எண்ணெயும் நேரத்துக்கு மாத்தறேன். காத்தே போகலன்னா எல்லாம் வீண். நடு ஏத்தத்துல நிறுத்தி ஆறவிட்டா ஒரு மணி நேரம் போயிடும். இது இருபத்திரண்டு நிமிஷம்."

"எத்தனை நாளா இந்தக் கூத்து?"

"பலகை மாட்டினதிலேர்ந்து. பதினாலு மாசம்."

ரேடியோ தலையில் கை வைத்தான். "ஐயோ சார்! ஐயாகிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"சொல்லத்தான் போனேன். அன்னிக்குச் சாயந்திரம் ஷெட்டுல தனியா நின்னுக்கிட்டு, பலகை நேரா இருக்கா, நேரா இருக்கான்னு தள்ளிப் போயும் கிட்ட வந்தும் பார்த்துக்கிட்டு இருந்தார். ஒரு மணி நேரம். நான் திரும்பி வந்துட்டேன்."

"அதுக்காக வேலையை விட்டுடுவீங்களா? நாலு மணிக்குத் தீர்மானம் போடறாங்க!"

"தெரியும்."

டிரைவர் கம்பிவலைக்கு மேலே இருந்த குறுக்குச் சட்டத்தைக் காட்டினார். பலகை அப்பிக்கொண்டிருந்த இடம். "அது மட்டும்னா எப்படியாவது சொல்லியிருப்பேன். இதைப் படிச்சுப் பாருங்க."

சட்டத்தில் வெள்ளை பெயின்ட்டால், மெல்லிய பிரஷ்ஷில் எழுதியிருந்தது. எழுத்துகள் இடது பக்கமாகச் சாய்ந்திருந்தன.

'இங்கே எதையும் மாட்டாதே. மாட்டினால் வண்டி ஏறாது.'

"சின்னவர் எழுதினது," என்றார் டிரைவர். "இந்தக் கூட்டை வாங்கி மாட்டினதும் அவர்தான். பழைய வண்டி, மலைக்குப் போனா சூடு தாங்காதுன்னு ஒரு மாசம் இதுலயே கெடந்தார். நான் அப்ப அவங்க மரக்கடையில லாரி ஓட்டிக்கிட்டு இருந்தேன். வெல்டிங் பண்ண வந்தவன் எழுத்துமேலயே பலகையை வெச்சு முடுக்கிட்டுப் போயிட்டான். ஐயா இதைப் பார்க்கல. இப்பச் சொல்லுங்க. மகன் சொன்னதை மகன் முகத்தாலயே மறைச்சிட்டோம்னு அவருக்குத் தெரியணுமா?"

ரேடியோவுக்கு ஒரு கிண்டலும் தோன்றவில்லை. அண்ணியைப் பார்த்தான். அண்ணி சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நான் அவருக்குப் பதினோரு மணிக்கே போன் பண்ணிட்டேன்," என்றார் மெதுவாக. "கிளம்பி வரச் சொல்லி."

"அண்ணி!"

"திருடன்னு நெனச்சேன். இப்படின்னு நெனக்கல."

சுற்றுச்சுவருக்கு அப்பால் கார் சத்தம் கேட்டது. டிரைவர் பாய்ந்து முன் கதவைத் திறந்தார். பெல்ட்டைக் கழற்றினார். பலகையை வெளியே இழுத்தார். கம்பளி காலில் சிக்கியது.

"மாட்டிடறேன். சாமான் எடுக்க நிறுத்தினேன்னு சொல்லிக்கறேன். வழி விடுங்கம்மா."

அண்ணி வண்டியின் முகத்துக்கு முன்னால் நின்றுகொண்டார். "மாட்டினா உங்க வேலை போகும்."

"போகட்டும்."

"அடுத்து வர்றவன் கழட்டமாட்டான். மேல இருக்கறவங்களுக்கு வண்டி போகாது."

அதற்குள் கார் உள்ளே வந்துவிட்டது.

மரக்கடைக்காரர் இறங்கினார். அறுபத்தெட்டு வயது. வெள்ளைச் சட்டையில் மடிப்பு கலையவில்லை. மொட்டையாக நின்ற வண்டியைப் பார்த்தார். டிரைவரின் கையில் இருந்ததைப் பார்த்தார். கம்பளி விலகி மகனின் நெற்றியும் ஒரு கண்ணும் தெரிந்தன.

"என் பையனை ஏன்யா கழட்டின?"

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"உன்னைத்தான் கேக்கறேன். ஒவ்வொரு தடவையும் இங்க கொண்டுவந்து இறக்கிப் போட்டுட்டு, அப்புறம் என்ன பண்ற? எவனுக்கு வாடகைக்கு ஓட்டற? சொல்லுய்யா!"

அண்ணி வாயைத் திறந்தார். மூடினார். எந்த வழக்கிலும் அவர் முடிவைச் சொல்லத் தயங்கி ரேடியோ பார்த்ததில்லை. நசுங்கிய வண்டியைப் பற்றிப் பேசுவது வேறு. எதிரில் நிற்கும் அப்பாவிடம் பேசுவது வேறு. இருவரும் இப்படியே நின்றால் டிரைவர் வாயை மூடிக்கொண்டே வீட்டுக்குப் போவார்.

"ஐயா," என்றான் ரேடியோ. "குனிஞ்சு பாருங்க."

"என்னத்தை?"

"இந்தச் சட்டத்தை. கண்ணாடி போட்டுக்குங்க."

மரக்கடைக்காரர் அவனை முறைத்தார். பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார். முழங்காலில் கை ஊன்றிக் குனிந்தார்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. விசிறியின் இழுப்பில் அவருடைய தலைமுடி வண்டிப் பக்கமாக அசைந்தது. அவர் நிமிரவில்லை. படித்து முடிக்க வேண்டிய நேரத்துக்கு மேலும் குனிந்தே இருந்தார்.

"சாயுது," என்றார் கடைசியில். "நாலாங்கிளாஸ்லயே வாத்தியார் கூப்பிட்டுச் சொன்னார். ரெண்டு கோடு நோட்டு வாங்கிக் குடுத்தேன். ஸ்கேலால அடிச்சேன். எழுத்து நேராகவே இல்ல."

அவர் நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தார்.

"நான் மாட்டினதால நின்னுதா? அந்தப் பொண்ணு ஆறு மணி நேரம் கெடந்ததும் இதாலதானா?"

"ஆமா," என்றார் அண்ணி.

மரக்கடைக்காரரின் போன் அடித்தது. எடுத்தார். எதிர்முனையில் தங்கை மகனின் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"மாமா, தீர்மானம் ரெடி. நீங்க வந்து ஒரு கையெழுத்து போட்டா போதும்."

"கிழிச்சுப் போடு."

"என்ன மாமா?"

"சாவி டிரைவர்கிட்டயே இருக்கும். கமிட்டியில நான் சொன்னேன்னு சொல்லு." வைத்துவிட்டார். டிரைவரிடம் திரும்பினார். கோபம் இன்னும் முழுசாக இறங்கவில்லை. "நீ என்கிட்டச் சொல்லியிருக்கணும்யா."

"சொல்லியிருக்கணும் ஐயா."

"நேரா மாட்டினியா, ஒவ்வொரு தடவையும்?"

"நூல் பிடிச்சுப் பார்ப்பேன்."

மரக்கடைக்காரர் பலகையை அவரிடமிருந்து வாங்கினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றிப் பார்த்தார். ரேடியோ ஓடிப்போய்க் காரின் பின் கதவைத் திறந்தான். அவர் அதை இருக்கையில் படுக்கவைத்துக் கம்பளியை இழுத்து மூடினார்.

"கூரையில வெக்கலாம் ஐயா," என்றார் டிரைவர். "கதவுலயும் வெக்கலாம். காத்து போற வழியில மட்டும் வேண்டாம்."

"அப்புறம் பார்க்கலாம். உனக்கு நேரமாகுது." அவர் ஜீப்பின் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். "நானும் வரேன். அவன் எப்பவும் கூப்பிடுவான். ஒரு தடவைகூடப் போனதில்ல."

ஜீப் கிளம்பியது. சுவரைத் தாண்டி, சாலையில் திரும்பி, ஏற்றத்தைத் தொட்டது. ரேடியோ சாலைக்கு ஓடி வந்து பார்த்தான்.

முதல் வளைவில் ஜீப் நின்றது.

"அண்ணி! நின்னுடுச்சு! சூடாயிடுச்சா?"

"இருங்க தம்பி."

மரக்கடைக்காரர் இறங்கினார். வண்டியின் முன்னால் வந்து மறுபடி குனிந்தார். ஒரு கை சட்டத்தின் மேல் இருந்தது. டிரைவர் ஹார்ன் அடிக்கவில்லை. ஒரு நிமிடம் போயிற்று. இன்னும் அரை நிமிடம்.

பிறகு டிரைவர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். அவர் குரல் சரிவில் தெளிவாக இறங்கி வந்தது.

"ஐயா! மேல ஊசி போட ஆள் காத்திருக்கு! வந்து ஏறுங்க!"

மரக்கடைக்காரர் ஓடிவந்து ஏறினார்.